நாத்தனாரும் நானும் குபோங் பார்த்த கதை

பினாங்கு மலைக்கு ரயில் விட்டு இரண்டோ மூன்றோ வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. என் வீட்டுக்காரர் பேராக்கில் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கிராணியாக இருந்தார். நிலையத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு பலகை வீடு. அந்த வீட்டில் நான்கு மாதமாக அவருடைய அக்காவும் இருந்தாள். ரப்பர்த் தோட்டத்தில் மலேரியாக் காய்ச்சல் கண்டு எலும்பும் தோலுமாக வந்தவள். அவள் புருஷன்தான் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

அக்காவுக்கும் எனக்கும் மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. காரணம் முட்டை. அடை வைப்பதற்காக அவள் பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்துப் பதினோரு முட்டை சேர்த்து, உமி போட்ட பானைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியாது. அவருடைய கூட்டாளிகள் நான்கு பேர் திடீரென்று சாப்பிட வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பானையைக் கண்டேன், பதினொன்றையும் அவித்துக் குழம்பு வைத்துவிட்டேன். அக்கா வெறும் பானையைப் பார்த்தாள். கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நானும் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சோறு போட்டது ஒரு குற்றமா என்று எனக்கும் வீம்பு.

அதிலிருந்து எல்லாம் அவர் மூலமாகத்தான். "தம்பி, உன் பொண்டாட்டிய வெந்நீர் வைக்கச் சொல்லு" என்பாள் அவள். "உங்க அக்காகிட்ட வெந்நீர் வச்சு ஆறியே போச்சுன்னு சொல்லுங்க" என்பேன் நான். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். அவர் பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ஒருநாள் வந்து அக்காவின் நாடியைப் பார்த்துவிட்டு, கடல் காற்று பட்டால் நல்லது என்றார். அவ்வளவுதான், என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் லீவு எழுதிப் போட்டார். ரயிலுக்குப் பாஸ் உண்டு. அவருடன் வேலை பார்த்த ஒருவருக்குப் பினாங்கில் தஞ்சோங் பூங்காவில் கடலை ஒட்டி, ஓலை வேய்ந்த ஓர் அத்தாப்பு வீடு இருந்தது. அந்தக் குடும்பம் ஊருக்குக் கப்பலேறிப் போயிருந்ததால் சாவியைக் கொடுத்தார்கள். "ரெண்டு பேரும் அங்க வந்தாவது ஒழுங்கா இருங்க" என்று அவர் சொன்னது, அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டே, எங்கள் இருவரையும் பார்க்காமல்.

பிறை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி ஃபெரியில் ஏறினோம். பெட்டி, படுக்கை, ஸ்டவ் எல்லாவற்றையும் கீழே அடுக்க அவர் போய்விட்டார். மேல் தட்டில் கம்பியைப் பிடித்தபடி நானும் அக்காவும் நின்றோம். நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டிருந்தோம். செம்பருந்து ஒன்று வட்டமிட்டது. அக்கா கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன், ஆனால் வேறு பக்கம் பார்த்தபடி.

அப்போதுதான் அந்தப் பெரிய பறவை வந்தது. வயிறும் தலையும் வெளுத்த வேட்டி மாதிரி இருந்தன. இறக்கை சாம்பல் நிறம். அவசரமே இல்லாமல் மிதந்து வந்தது, படகுக்கு ஒரு முப்பது கஜத்தில் கால்களை முன்னால் நீட்டி அப்படியே தண்ணீரில் விழுந்தது. எழும்பும்போது காலில் ஏதோ நீளமாக நெளிந்தது.

"பாம்பு!" என்று கத்தினேன்.

"மீனு!" என்று அக்கா கத்தினாள்.

"மீனு அப்படி நெளியுமா? வாலைப் பாருங்க, சுத்திக்கிட்டு வருது!"

"விலாங்கு நெளியாதா? நீ விலாங்கைக் கண்டிருக்கியா?"

"வரி வரியா இருக்கே அக்கா! விலாங்குக்கு ஏது வரி?"

பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் படகோட்டி கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அது என்ன என்று அவரிடம் மலாயில் கேட்டேன். அவர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், "ஊலார் லாவுட்" என்றார். கடல் பாம்பு.

"கேட்டீங்களா?"

"அவரு நிமிர்ந்தே பாக்கலியே. நீ கேட்ட தினுசுல பயந்து சொல்லிட்டாரு."

படிக்கட்டில் யாரோ நின்றது போல இருந்தது. திரும்பினோம். என் வீட்டுக்காரர் தோளில் படுக்கைச் சுருளோடு வாயைத் திறந்தபடி நின்றார். "யாரு யார்கிட்ட பேசுறீங்க?" என்றார். அக்கா சட்டென்று கடலைப் பார்த்தாள். நான் புடவைத் தலைப்பைச் சரி செய்தேன். ஆனால் இருவரும் அந்தப் பறவை போய் உட்காரும் வரைக்கும் அதை விடவில்லை.

தஞ்சோங் பூங்கா வீட்டுக்கு முன்னால் மணல், அதற்கப்பால் சவுக்கு மரங்கள், பிறகு கடல். வீட்டுக்கு இடதுபக்கம் ஒரு சிற்றாறு கடலில் கலந்தது. அக்காவுக்குப் பத்தடி நடந்தால் உட்கார வேண்டும். காலையில் அவளைப் போர்வையோடு வாசல் படியில் உட்கார வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் குளித்துவிட்டு டவுனுக்குக் கிளம்பிவிடுவார். பினாங்கு என்றால் அவருக்கு டவுன்தான்: எஸ்பிளனேடு கடற்கரைத் திடல், பெரிய பெரிய கடைகள், மோட்டார் கார், கூட்டாளிகள்.

இரண்டாம் நாள் காலை நான் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். பின்கதவு படாரென்று திறந்தது. அக்கா நின்றாள். போர்வை எங்கேயோ போயிருந்தது, தலைமுடி அவிழ்ந்திருந்தது, மூச்சு வாங்கியது. வாசலிலிருந்து வீட்டைச் சுற்றி ஓடியே வந்திருக்கிறாள்.

"நாய்! புள்ள, கடலுக்குள்ள நாய்! நாலஞ்சு நாய்! முங்குது, எந்திரிக்குது, மீனைப் புடிச்சித் திங்குது! வா, வா!"

அப்பத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஆற்றுவாயில் ஒன்றுமில்லை. ஈர மணலில் காலடிகள் இருந்தன. ஒரு மீன் தலை கிடந்தது.

"தெரு நாய்ங்க வந்திருக்கும் அக்கா," என்றேன்.

அவள் முகம் மாறியது. "தெரு நாய் முங்குமா? நான் என்ன காய்ச்சல்ல உளறுறேன்னு நெனச்சியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லலைன்னாலும் உன் மூஞ்சி சொல்லுது."

அன்று மத்தியானம் முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. எனக்கோ அடுப்பில் கை இருந்தாலும் கண் ஆற்றுவாயில்தான் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். பாடப் புத்தகத்தில் நீர்நாய் என்று ஒரு வார்த்தை வந்தது நினைவிருந்தது. படம் போட்டிருக்கவில்லை. வாத்தியாரைக் கேட்டதற்கு, தண்ணீரில் இருக்கும் நாய் என்றார். அது இதுதானோ? மறுநாள் விடிவதற்குள் யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

விடியற்காலை மெதுவாகக் கதவைத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சவுக்கு மரங்களுக்குள் போனேன். மரத்தடியில் ஒரு போர்வை இருந்தது. போர்வைக்குள் அக்கா.

என்னைப் பார்த்து அவள் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு போர்வையின் ஒரு முனையைத் தூக்கினாள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் இருந்தோமோ. கடல் கறுப்பிலிருந்து சாம்பலானது, சாம்பலிலிருந்து வெளுத்தது. கால் மரத்துப் போனது. முதலில் சத்தம்தான் வந்தது, குருவிக் குஞ்சு கத்துவதுபோலக் கீச்சுக் கீச்சென்று. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆற்றிலிருந்து ஒரு தட்டையான தலை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மூன்று சின்னத் தலைகள். மீசை வைத்த முகம், எண்ணெய் தடவியதுபோல மினுங்கும் முதுகு. ஐந்தும் மணல் திட்டில் ஏறி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டன. ஒன்று கெளுத்தி மீனைத் தலையிலிருந்து ஆரம்பித்து நறுக் நறுக்கென்று கடித்தது. அந்தச் சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. குட்டிகள் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்றன் மேல் ஒன்று புரண்டன. ஒரு குட்டி மணலில் சறுக்கித் தண்ணீரில் விழுந்தது, ஏறி வந்தது, மறுபடியும் வேண்டுமென்றே சறுக்கியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் போர்வையைக் கடித்தேன். அக்காவைப் பார்த்தால் அவளும் போர்வையின் மறுமுனையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவை போனதும் எழுந்து இருவரும் மணலில் ஓடினோம், காலடிகளைப் பார்த்தோம், விரல்களுக்கு நடுவே தோல் பதிந்திருப்பதைப் பார்த்தோம். "நாயா, நாயா, சொல்லு இப்ப!" என்று அக்கா என் முதுகில் குத்தினாள். "நீர்நாய், அக்கா! புத்தகத்துல இருக்கு!" "புத்தகத்துல இருக்கிறதை ஏண்டி நேத்து சொல்லல?" பக்கத்து வீட்டில் மீன் காயப்போட வந்த மலாய்க்காரப் பெண்மணிக்கு நாங்கள் குதிப்பதைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவள் முகத்தைச் சுளித்தாள். மெமெராங் என்று அதன் பெயரைச் சொன்னாள். தன் புருஷனின் மீன் கூண்டை உடைத்துத் தின்னும் திருட்டுக் கூட்டம் என்று திட்டினாள். நாங்கள் அந்தத் திட்டையும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டோம்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு குழம்பு போதும் என்று ஆயிற்று. ஆற்றங்கரையில் துடுப்பு நீளத்துக்கு ஓர் உடும்பு கிடந்தது. அதை நான் கட்டை என்று மிதிக்கப் போய் அக்கா என்னை இழுத்தாள். சேற்றில் மீன்கள் நடந்தன, மரத்தின் வேரில்கூட ஏறின. நீல முதுகு மீன்கொத்தி ஒன்று தினமும் ஒரே கம்பில் வந்து உட்கார்ந்தது. நான் முதலில் கண்டேனா அவள் முதலில் கண்டாளா என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை. ஆனால் நேருக்கு நேர் சண்டை. பத்தடிக்கு உட்கார்ந்தவள் ஆற்றுவாய் வரை நடந்தாள், பிறகு ஆற்றோடு மேலேயும் நடந்தாள். கசக்கும் கொய்னா மருந்தை நானே எடுத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளிக்காமல் விழுங்கிவிட்டு, "வா, வெயில் ஏறிடும்" என்பாள்.

அவருக்குத்தான் ஒன்றும் தென்படவில்லை. நீர்நாயைக் காட்டுகிறோம் என்று ஒருநாள் எழுப்பிக் கூட்டிப்போனோம். மரத்தடியில் உட்கார்ந்ததும் சுருட்டைப் பற்றவைத்தார். பிறகு இருமினார். பிறகு, "எங்க?" என்று சத்தமாகக் கேட்டார். அன்று ஒரு நண்டுகூட வெளியே வரவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னமோ கனவு காணுறீங்க," என்றார். "சரி, சண்டை இல்லாம இருக்கீங்கல்ல, அது போதும். நாளைக்கு மலை ரயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். அது நெசமாவே இருக்கு."

ஐந்தாம் நாள் போனோம். பஸ்ஸில் டவுன், டவுனிலிருந்து டிராமில் ஆயர் ஈத்தாம், அங்கிருந்து அக்காவுக்கும் எனக்கும் ஒரு ரிக்‌ஷா. அவர் கூடவே நடந்து வந்தார். மலை அடிவாரத்தில் அந்த ரயிலைப் பார்த்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். படிக்கட்டு மாதிரி கட்டிய பெட்டி, அதைக் கயிற்றால் இழுக்கிறார்கள். ரயில்வேக்காரர் என்ற முறையில் அவர் கயிறு, சக்கரம், பிரேக் என்று விளக்கிக்கொண்டே வந்தார். நாங்கள் ஜன்னலுக்கு ஒருத்தியாக வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாறும்போது அக்கா என் காதில், "எனக்குக் கயிறு வேணாம், மரத்தைப் பாரு" என்றாள்.

மேலே குளிர். அக்காவுக்கு அவருடைய கோட்டைப் போட்டுவிட்டோம். முழங்காலுக்குக் கீழே வரை தொங்கியது. மேலே நடந்துபோகும் பாதையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கறுப்புக் குரங்குகள் இருந்தன. மூக்குக்கண்ணாடி மாட்டிய ஹெட்மாஸ்டர்கள் கூட்டம் போட்டதுபோல ஒரு மரம் நிறைய. ஒரு தாயின் வயிற்றில் குட்டி. அந்தக் குட்டி ஆரஞ்சு நிறம்! கறுப்புத் தாய்க்குப் பூசணிப்பழ நிறத்தில் பிள்ளை. அக்கா கைகளைத் தட்டிவிட்டாள். குரங்குகள் எங்களையே பார்த்தன. அவரும் இதைப் பார்த்தார். "குரங்குதானே, டவுன்லயே ஒரு ஆளு கட்டி வச்சிருக்கான்" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் திரும்ப ஸ்டேஷனுக்கு வந்தோம். வண்டிக்கு நேரம் கேட்க அவர் உள்ளே போனார். நாங்கள் வெளியே ஓர் உயரமான மரத்துக்கு எதிரே நின்றோம். சூரியன் இல்லை, ஆனால் வெளிச்சம் இருந்தது. கீழே டவுனில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியது.

"அந்த மரத்துல பட்டை உரிஞ்சு தொங்குது பாரு," என்றாள் அக்கா.

பார்த்தேன். பாசி பிடித்த மாதிரிச் சாம்பலும் பச்சையுமாக, முறம் அளவுக்கு ஒரு பட்டை. அது மேலே நகர்ந்தது.

"அக்கா..."

"பாத்தேன். பேசாதே."

விட்டு விட்டு, ஒவ்வொரு எம்பலாக அது மரத்தில் மேலே ஏறியது. உச்சிக்குப் பக்கத்தில் நின்றது. தலையைத் திருப்பியது. இரண்டு பெரிய உருண்டைக் கண்கள். பிறகு மரத்தை விட்டுத் தாவியது.

இறக்கை இல்லை. கழுத்திலிருந்து கை, கையிலிருந்து கால், காலிலிருந்து வால் நுனி வரை எல்லாம் ஒரே தோல். கொடியில் காய்ந்த சதுரத் துணியைக் காற்று பிய்த்துக்கொண்டு வந்ததுபோல நேராக எங்கள் தலைக்கு மேலே வந்தது. ஒரு சத்தமும் இல்லை. எங்களைத் தாண்டும்போது அடிவயிற்றைப் பார்த்தேன். அங்கே ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் தலை வெளியே நீட்டியிருந்தது. அது எங்களைப் பார்த்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். பாதையைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டி, அந்தப் பக்க மரத்தில் போய்ச் சப்பென்று ஒட்டிக்கொண்டது. மரத்தைச் சுற்றி மறைந்தது.

நாங்கள் இருவரும் போட்ட சத்தத்தில் அவர் ஓடி வந்தார். "என்ன, என்ன ஆச்சு? விழுந்துட்டியா?"

"பறந்துச்சு!" என்றாள் அக்கா.

"இறக்கை இல்லாம பறந்துச்சு!" என்றேன் நான்.

"வயித்துல குட்டி!"

"குட்டி தலையை நீட்டிக்கிட்டு இருந்துச்சு!"

"தோலு, வாலு நுனி வரைக்கும் தோலு!"

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கேலி செய்யத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் மெதுவாக, "நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்களா?" என்றார். "அப்படின்னா நெசந்தான். எந்த மரம்?"

சாமான் தூக்கும் தமிழர் ஒருவர் அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "குபோங் அது, அண்ணே. இந்த நேரத்துக்குத்தான் கிளம்பும் லா. மரத்தோட மரமா இருக்கும், தெரியாது. இவங்களுக்கு நல்ல கண்ணு."

வண்டி புறப்பட மணி அடித்தது. அவர் அக்காவின் கையைப் பிடித்து, "குளிரு ஏறுது, உனக்கு ஒத்துக்காது, வா" என்றார்.

"நான் வரல," என்றாள் அக்கா. "நீ பாக்காம நான் எறங்க மாட்டேன்."

"அக்கா, காய்ச்சல்..."

"காய்ச்சல் எனக்கா உனக்கா?"

அடுத்த வண்டிக்கு அரை மணி நேரம் இருந்தது. நான் என் சால்வையை எடுத்து அவள் கோட்டுக்கு மேலே சுற்றினேன். அவர் சட்டைப் பையிலிருந்து சுருட்டை எடுத்தார். இருவரும் அவரை முறைத்தோம். திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். மூவரும் அந்தப் பள்ளத்துக்கு அப்பாலிருந்த மரத்தைப் பார்த்தபடி நின்றோம். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இருமல் வந்தபோது அவர் கைக்குட்டையை வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டார். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் ஒரு சத்தம் வரவில்லை. அந்த நேரம் எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

மரத்தின் உச்சியில் ஏதோ அசைந்தது. அக்கா கையைத் தூக்கிக் காட்டவில்லை. அவர் தாடையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள்.

இந்த முறை அது எங்களுக்கு முன்னால் குறுக்கே போனது, வானத்தின் கடைசி வெளிச்சத்தில், நான்கு மூலையும் விரிந்து. ஸ்டேஷன் கூரைக்கு மேலே போய் இருட்டில் கரைந்தது. அண்ணாந்து பார்த்ததில் அவர் தொப்பி கீழே விழுந்து சரிவில் உருண்டு போனது. அவர் குனியவில்லை. "அக்கா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா," என்றார் மறுபடியும். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அந்த வார்த்தைகள் எல்லாம் சேர்த்து வந்தன. ரயிலடியில் யார் டிக்கெட் வாங்க வந்தாலும் குபோங்தான். தான் முதலில் கண்டு எங்களுக்குக் காட்டியதாகவே கதை மாறிவிட்டது. அக்காவுக்கு அந்த வாரத்தில் ஒரு நாள்கூடக் குளிர் காய்ச்சல் வரவில்லை. பிறகு ஒரு முறை வந்தது, லேசாக. இரண்டு மாதத்தில் உடம்பு தேறித் தோட்டத்துக்குப் போனாள். போகிற வரைக்கும் நானும் அவளும் அவர் மூலமாக ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் எனக்கு இப்போதும் முதலில் நினைவுக்கு வருவது அன்றைக்கு நாங்கள் மலையிலிருந்து இறங்கியதுதான். பெட்டிக்குள் சின்ன விளக்கு எரிந்தது. ஒரு ஜன்னலில் நான், ஒரு ஜன்னலில் அக்கா, இன்னொன்றில் தொப்பி இல்லாத அவர். மூவரும் கழுத்தை வெளியே நீட்டி, நகர்ந்துபோகும் மரங்களை ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த வயதான சீனர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் அக்காவிடம், "ஆபா ஹிலாங்?" என்றார். என்ன தொலைந்துவிட்டது என்று கேட்டார்.

அக்காவுக்கு மலாய் அரைகுறை. தலையை உள்ளே இழுக்காமலே பதில் சொன்னாள். "தாடா ஹிலாங். ச்சாரி லாகி." ஒன்றும் தொலையவில்லை, இன்னும் தேடுகிறோம்.

அந்தச் சீனர் சற்று யோசித்தார். பிறகு குடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தம் பக்கத்து ஜன்னல் வழியாகத் தாமும் தலையை நீட்டினார்.